ஒன்பதாம் விதி

பதியுதீன் ஹாஜியார் நடத்திய கல்லூரியில் ஊழியர்கள் மொத்தம் பதினொரு பேர். பாதிக் கட்டடத்துக்கு இன்னும் கிடுகுக் கூரைதான். ஆனாலும் அது ஒருநாள் பல்கலைக்கழகமாகும் என்பதில் ஹாஜியாருக்குக் கடுகளவும் சந்தேகமில்லை.

பல்கலைக்கழக ஊழியர்களுக்கு இருப்பதுபோல் நம் ஊழியர்களுக்கும் நடத்தை விதிகள் இப்போதே வேண்டும் என்று சொல்லி, அதை எழுதும் வேலையைக் கிளாக்கர் அப்துல் ஸமட்டின் தலையில் கட்டினார்.

எட்டு விதிகள் சுகமாக முடிந்தன. நேரத்துக்கு வருவது, சுவரில் வெற்றிலை துப்பாதிருப்பது என்று யாருக்கும் நோகாத விதிகள். ஒன்பதாவதில்தான் சிக்கல்.

அது நோன்பு மாதம். விடுமுறை என்றாலும் பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு மட்டும் நடந்தது. தினமும் நண்பகல் லுஹர் தொழுகை முடிகிற நேரத்தில், பூட்டிய சாமான் அறைக்குள்ளிருந்து கறி வாசம் வருவதை ஹாஜியார் கண்டுபிடித்துவிட்டார். அறைப் பூட்டின் திறப்பு பியோன் நல்லரெத்தினத்திடம் இருந்தது.

'நோன்பு மாதத்தில் கல்லூரி வளவுக்குள் எவரும் பகலில் உண்ணக்கூடாது. மீறினால் வேலைநீக்கம்.' இதுதான் ஒன்பதாம் விதி.

அரபு படிப்பிக்கும் பளீல் மௌலவி மட்டும், நல்லரெத்தினத்துக்கு நோன்பு கடமையில்லையே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். நோன்பாளிகளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்று ஹாஜியார் ஒரே வெட்டாக வெட்டினார். மௌலவி தலையைக் குனிந்துகொண்டார்.

ஸமட் நல்லரெத்தினத்தைத் தனியாக அழைத்துக் கேட்டார்.

"ஓம் சேர். நான்தான் திண்ட."

அவ்வளவுதான். சாக்குச் சொல்லவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் கூட வேலை செய்த மனிதர் இப்படி மாறிப்போனாரே என்று ஸமட்டுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே கவலையும் வந்தது. மூன்று பிள்ளைகளின் தகப்பன். நாளைக்கு ஹாஜியார் கையெழுத்து வைத்துவிட்டால், அடுத்த சாப்பாட்டோடு வேலை போய்விடும்.

மனம் கேட்கவில்லை. பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்லரெத்தினத்தின் வீட்டுக்கே போனார். அவர் இல்லை, சந்தைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மீனாம்பிகை சுளகும் கையுமாக வெளியே வந்தாள்.

"தங்கச்சி, நாளையில இருந்து மத்தியானச் சோறு குடுத்தனுப்பாதீங்க. அவர்ர வேலை போயிரும்."

அவள் முகம் வாடிப்போயிற்று.

"அப்ப மௌலவி என்ன செய்வார் காக்கா?"

"எந்த மௌலவி?"

"பளீல் மௌலவிதான். வயித்துப்புண். நோன்பு புடிச்சா உசிருக்கு மோசம் எண்டு டாக்குத்தர் சொல்லிட்டாராம். பாலமுனை மனிசன், இங்க பள்ளிவாசல் அறையிலதானே தங்கியிருக்கார். அங்க வச்சித் தின்ன ஏலுமா? அதான் உறைப்பில்லாமக் கறி வச்சி அனுப்புறன். நீங்க எல்லாம் அறிஞ்சிதான் வந்திருக்கீங்க எண்டு நினைச்சிட்டன். ஆருக்கும் சொல்லிராதீங்க காக்கா, அந்த மனிசன் வெக்கத்திலயே செத்துப்போவார்."

ஸமட்டுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. மற்றவரின் மானத்துக்காகத் தன் வேலையையே கொடுக்கத் துணிந்தவரையா மரியாதை தெரியாதவர் என்று நினைத்தோம்?

"அப்ப நல்லரெத்தினம் எங்க சாப்பிடுற?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

மீனாம்பிகை சிரித்தாள்.

"நீங்கெல்லாம் பசியோட இருக்கக்குள்ள அவருக்குத் தின்ன மனம் வருதில்லையாம். முதல் நாள் தலைநோன்பில இருந்து, பொழுதுபட்டு நோன்பு துறக்கப் பள்ளியில வாங்கு சொன்னாத்தான் காக்கா அவருக்கும் சோறு."