மிக்ஸி ஓடும்போது பாடு

“மிக்ஸியப் போட்டுட்டேன். ம், இப்பப் பாடு.”

யோகலட்சுமி சொன்னதும் மகள் கிருஷ்ணப்ரியா பாட ஆரம்பித்தாள். ஜாரில் தேங்காய் கிடையாது, மிளகாய் கிடையாது. வெறும் தண்ணீர்தான். அது ‘கொர்’ரென்று சுற்றச் சுற்ற, பிள்ளை வாயைப் பாதி மூடிக்கொண்டு வர்ணம் பாடினாள்.

“என்னடி கூத்து இது?” என்றார் சாப்பிட உட்கார்ந்த முத்துராமன். “பாட்டுக் காலேஜுல சேர, போய் நின்னு பாடிக் காட்டணும்ங்குற. அதுக்கு இப்படியா பழகுறது?”

“மெதுவாப் பேசுங்க. சுவருக்கு அங்குட்டு அவ நிப்பா.”

அவள் என்றால் செந்தாமரை, முத்துராமனின் தம்பி பொண்டாட்டி. கோட்டையூரில் அப்பா விட்டுப்போன வீட்டை அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்து நடுவில் ஒரு சுவர் எழுப்பிக்கொண்டார்கள். இந்த அடுப்படியில் மிளகாய் வறுத்தால் அந்த அடுப்படியில் தும்மல் கேட்கும்.

“தெரிஞ்சாத்தான் என்ன? அவளும் நம்ம வீட்டுப் பொம்பளதானே.”

“அட, நீங்க ஒண்ணு. போன பொங்கலுக்குக் கோயில்ல பிள்ள பாடுனா. ‘என்னமாப் பாடுது’ன்னு அவ ஒரு வார்த்தை சொன்னா. மறுநாளே தொண்டை கட்டிருச்சு. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுங்க.”

அன்றைக்குப் பிள்ளை வரிசையாகக் குச்சி ஐஸ் தின்றது இந்தக் கணக்கில் வராது.

யோகலட்சுமியையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கிருஷ்ணப்ரியாவுக்குப் படிப்பில் ஏறியது பாட்டு ஒன்றுதான். இந்த சீட்டுக் கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு பி.காமில் போய் உட்கார வேண்டியதுதான். அதை நினைத்தாலே பிள்ளைக்கு அழுகை வந்துவிடும்.

அதனால் செக்காலையில் இருக்கும் பாட்டு வாத்தியார் வீட்டுக்குப் போவது ஊருக்கு ‘டைப்பிங் கிளாஸ்’ ஆயிற்று. ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன. குரல் கொஞ்சம் மேலே ஏறினால் அம்மா தொடையில் கிள்ளுவாள். நல்ல பயிற்சி!

ஆனால் செந்தாமரை லேசுப்பட்டவளா? விடிந்தும் விடியாமலும் அந்தப் பக்கம் கிரைண்டர் ஓட ஆரம்பித்துவிடும்.

“பாத்தியா, போட்டுட்டா. தினமும் மாவாட்ட இவ என்ன இட்லிக் கடையா வச்சிருக்கா? நீ பாடுறத மோப்பம் பிடிச்சுட்டாடி. கெடுக்கணும்னே போடுறா.”

“நாமளும் மிக்ஸி போடுறோமேம்மா.”

“நாம போடுறது நல்லதுக்கு. அவ போடுறது வயித்தெரிச்சல்ல.”

பாடிக் காட்டும் நாள் வந்தது. அம்மாவும் மகளும் பூனை மாதிரி படியிறங்கினால், பக்கத்து வாசலில் செந்தாமரை நிற்கிறாள்.

“காலங்காத்தால எங்கக்கா கெளம்பிட்டீக?”

“கல்லல் ஊர்ல எங்க சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு. நீ எங்குட்டு?”

“கண்ணாஸ்பத்திரிக்குக்கா. அழகுமீனாவுக்கு ஒரே தலைவலி.”

அழகுமீனா செந்தாமரையின் மகள். கிருஷ்ணப்ரியா வயசுதான்.

‘ஆஸ்பத்திரிக்கு எதுக்குடி பட்டுச்சேலை’ என்று கேட்க யோகலட்சுமிக்கு நாக்கு துறுதுறுத்தது. ‘வளைகாப்புக்கு எதுக்குக்கா சுருதிப் பெட்டி’ என்று அவள் திருப்பிக் கேட்டுவிட்டால்? மகளை இழுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

வழியில் ஒரு பிள்ளையார் விடாமல் கும்பிட்டு, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, காலேஜுக்குப் போய்ச் சேர நேரமாகிவிட்டது. உள்ளே நுழையும்போதே கிருஷ்ணப்ரியாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். பிள்ளை ஓடிப்போய் மேடையில் உட்கார்ந்தாள். யோகலட்சுமி கடைசி வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்தாள். பக்கத்தில் பார்த்தால் செந்தாமரை, அவளை ஒட்டி அழகுமீனா.

“இதுதான் கண்ணாஸ்பத்திரியா?” என்றாள் யோகலட்சுமி, பல்லைக் கடித்துக்கொண்டு.

“வளைகாப்பு அதுக்குள்ள முடிஞ்சிருச்சாக்கா?”

மேடையிலிருந்து கிருஷ்ணப்ரியாவும் சித்தியைப் பார்த்துவிட்டாள். அவ்வளவுதான். வாய் தானாகப் பாதி மூடிக்கொண்டது.

“சத்தமாப் பாடும்மா” என்றார் தேர்வு நடத்திய அம்மா.

பிள்ளை பாடினாள். முன்வரிசைக்குக்கூடக் கேட்கவில்லை.

“மைக்கப் பக்கத்துல வச்சுக்க. பயப்படாதே. வாயத் தெறந்து பாடு.”

பாட்டு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. ‘பாவி, பக்கத்துல உக்காந்தே கண்ணு வச்சுட்டாளே’ என்று யோகலட்சுமிக்கு வயிறு எரிந்தது.

அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார்.

“சுருதி சுத்தமா இருக்கு, தாளமும் நிக்குது. ஆனா குரல் தொண்டைய விட்டு வெளிய வரலையேம்மா. இப்படி இருந்தா எப்படி சீட்டுத் தர்றது? யாருக்குக் கேட்டுரக் கூடாதுன்னு இப்படிப் பாடுற?”

கிருஷ்ணப்ரியா கடைசி வரிசைக்குக் கையை நீட்டினாள்.

“எங்க சித்திக்கு.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். செந்தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். ‘நல்லா வேணும், ஊரறியட்டும் இவ லட்சணம்’ என்று யோகலட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“உங்க சித்தி பக்கத்துல அழுதுக்கிட்டு இருக்கே ஒரு பொண்ணு, அதுவும் இப்பத்தான் இதே மாதிரி முனகிட்டுப் போச்சு. அதுக்கும் சீட்டு இல்லன்னுட்டேன்” என்றார் அந்த அம்மா. “அதுகிட்டயும் இதையேதான் கேட்டேன். ‘எங்க பெரியம்மாவுக்கு’ன்னுச்சு.”