ஒரு நாள் தவறாத மழைக்கணக்கு

“இந்த ஊர்ல மழை வருஷா வருஷம் குறையுது” என்று மேடை போட்டுத் தொண்டை கிழியக் கத்தியவன் நான். என் ஆராய்ச்சியை நம்பித்தான் ஆற்றங்கரையை உயர்த்தும் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அந்த ஆராய்ச்சிக்கு ஒன்பது வருடம் ஒரு நாள் தவறாமல் மழையளவு அனுப்பிய பெரியவருக்குக் கேடயம் கொடுக்கப் போனேன். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மனிதர் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார்.

“ஒம்பது வருஷமா இப்படித்தான் சார்,” என்றார் மனைவி.

“அப்போ முற்றத்து மழைமானிய யார் பார்க்கறது?”

“எதுக்குப் பார்க்கணும்? தகரக் கூரைல விழற சத்தத்த வெச்சே சொல்லிடுவார். நான் எழுதி அனுப்பிடுவேன்.”

“இன்னிக்கு எவ்வளவாம்?”

“கத்திக் கேக்கணும் சார். காது வருஷா வருஷம் மந்தமாயிட்டே வருது.”

மனைவி அவர் காதருகே குனிந்து கத்தினார்.

“மழையா? இன்னிக்கும் இல்லடி. பூஜ்யம்னு எழுது!”

வாசலில் முழங்காலளவு தண்ணீர். பூஜ்யம் என்றே குறித்துக்கொண்டேன். மறுநாள் அதே ஊரில் மழை குறைவதைப் பற்றிப் பேச எனக்குக் கூட்டம்.