குளிசை சுற்றிய தாள்கள்

தாதியின் கையில் கொப்பியின் அட்டை மட்டும் இருந்தது.

முன்புறத்தில் சேந்தன் என்ற பெயர். உள்ளே கிழிந்த விளிம்புகள்.

வகுப்பறை வாசலில் சேந்தனின் தாய் நின்றாள். இரண்டு நாள் நடந்து வந்தவள். மகனைப் புதைத்து ஐந்து நாளாகிவிட்டதை வழியிலேயே யாரோ சொல்லிவிட்டார்கள். அழுது முடித்துத்தான் வந்திருந்தாள்.

"கவிதை எழுதிற கொப்பி, மிஸி. எங்க போனாலும் வைச்சிருப்பான். அது மட்டும் தாங்கோ."

பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரியானபோது மேசைகள் கட்டில்களாயின. பிள்ளைகள் விட்டுப்போன கொப்பிகளைக் கிழித்து மருந்துக் குளிசைகளைச் சுற்றிக் கொடுத்தார்கள். சேந்தனின் இடத்தில் அடுத்த காயக்காரரைக் கிடத்தும் அவசரத்தில், தலைமாட்டில் இருந்த கொப்பியை யாரோ கிழிக்கும் அடுக்கில் வைத்துவிட்டார்கள்.

யாரோ இல்லை. அவள்தான். அங்கிருந்த இரண்டு தாதிகளில் ஒருத்தி.

கிழித்ததும் அவள்தான். எழுத்தைப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

சேந்தனுக்கு இருபத்து நான்கு வயது. வயிற்றில் ஷெல் துண்டு. "நோவுக்குக் குளிசை தாங்கோ மிஸி, கவிதைக்கு அடங்குதில்லை" என்று சிரித்தவன்.

தாயிடம் அவள் எதையும் மறைக்கவில்லை.

தாய் அட்டையை வாங்கி மடியில் வைத்தாள். சுவரோரம் உட்கார்ந்தாள்.

தாளுக்குத் தட்டுப்பாடு. அடுத்த நேரக் குளிசைக்கு வருபவர்கள் பழைய தாளையே திரும்பக் கொண்டுவர வேண்டும்.

பிள்ளையாரே, என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அவள் வரிசையின் முன்னால் போய் நின்றாள். கவிதை எழுதிய தாள்களைத் திருப்பிக் கேட்டாள்.

ஒரு தாள் வந்தது. நான்காக மடித்தது. மடிப்பில் வெள்ளைத் தூள்.

பிறகு இன்னொன்று.

இரண்டு கையும் கட்டுப்போட்ட ஒருவர் சட்டைப்பையைக் கண்ணால் காட்டினார்.

"இதை வாசிச்சிட்டுத்தான் ஒவ்வொரு தரமும் விழுங்கிறனான். நல்லா எழுதியிருக்கிறான் பொடியன். ஆள் சுகமோ?"

தாதி அவர் பையிலிருந்து தாளை உருவி எடுத்தாள்.

"ஓம்," என்றாள் தாய், சுவரோரத்திலிருந்து. "சுகம்."

அவன் எழுதிய பதினொரு தாள்களும் தாயின் மடிக்கு வந்து சேர்ந்தன. வரிசையில் நின்றவர்கள் வெறுங்கையை நீட்டிக் குளிசை வாங்கினார்கள். வெளியே தூறல். வாசலைத் தாண்டிய ஒரு கிழவரின் விரலிடுக்கில் குளிசை வெள்ளையாய்க் கரைந்து வழிந்தது.

தாய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மேல் தாளை எடுத்தாள். உதடுகள் அசைந்தன. மறுபடி வாசித்தாள். மூன்றாம் தரம் கண்ணை மூடிக்கொண்டாள்.

தாளை நீட்டினாள்.

தாதி வாங்கத் தயங்கினாள்.

"இது எனக்குப் பாடமாயிட்டுது, பிள்ளை. அந்த ஐயாவுக்குச் சுத்திக் குடுங்கோ."

அடுத்த தாளை எடுத்தாள்.

வரிசை நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை.