ஏரிக்கு மேலே மூன்று கொக்குகள்

மார்ச் ஒன்பதாம் தேதி மாலை, மூன்றாம் மாடி வீட்டின் சாப்பாட்டு மேசையில் மகனுக்கான பிறந்தநாள் அட்டை தயாராகிக்கொண்டிருந்தது. வரைந்தவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். எதிரே அவர் மனைவி, அவருடைய ராத்திரி மாத்திரைகளைப் பிரித்துவைத்துக்கொண்டிருந்தாள்.

வருடா வருடம் அதே காட்சிதான். மலை, ஏரி, மேலே மூன்று வெள்ளைக் கொக்குகள்: அப்பா, அம்மா, பிள்ளை.

"கொஞ்சம் சோப்பு எடுத்துட்டு வாம்மா. பிரஷ்ஷை அதுல நனைக்கலன்னா இந்தப் பசை ஒட்டிக்கும்."

அவள் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். திரும்பிவர நேரமாயிற்று.

"சோப்பு எடுக்கப் போனியா, காய்ச்சப் போனியா?"

"கை தவறி விழுந்துடுச்சு" என்று சிரித்தாள். முகம் கழுவியிருந்தாள்.

அவர் அந்தப் பசையை, மாஸ்கிங் திரவத்தை, தொட்டுக் கொக்குகளை வரைந்தார். காய்ந்தால் அது ரப்பர் மாதிரி ஆகிவிடும். மேலே எவ்வளவு நீலம் பூசினாலும் அடியில் தாள் வெள்ளையாகவே இருக்கும்.

அவள் மாத்திரைகளையே பார்த்தாள். அவருக்கு இதய ஆபரேஷன் நடந்த மறுநாள்தான் கப்பல் கம்பெனியிலிருந்து போன் வந்தது. மகன் கடலில் விழுந்துவிட்டான், உடல்கூடக் கிடைக்கவில்லை. "இப்ப அவர் தாங்க மாட்டார். தேறுற வரைக்கும் மூச்சு விடாதீங்க" என்றார் டாக்டர். அன்றிலிருந்து, 'கப்பல்ல சிக்னல் இல்லையாம்' என்று சொல்லி வருகிறாள்.

"நாளைக்கு நானே தபால்ல சேர்த்துடறேன்" என்றாள்.

"முதல்ல காயட்டும். ஈரத்துல உரிச்சா தாள் கிழிஞ்சிடும்." வானத்துக்கு இன்னொரு பூச்சு கொடுத்தார். "ரொம்ப நாள் உரிக்காம விட்டாலும் கிழிஞ்சிடும்."

நீலம் காய்ந்ததும் விரல்நுனியால் தேய்த்தார். பசை சுருண்டு சுருண்டு உதிர்ந்தது. ஒரு கொக்கு வெளுத்து வந்தது. பக்கத்திலேயே இன்னொன்று. அதோடு விரலை எடுத்துவிட்டார். மீதி வானமெல்லாம் நீலம்.

"என்னங்க, மூணாவது எங்க? பிள்ளையையே மறந்துட்டீங்களே!"

அவர் துணுக்குகளை ஊதித் தள்ளினார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே குழாயைத் திறந்துவிட்டுக்கிட்டு அழ வேணாம்மா."