ஐந்து தழும்புகள்

செத்துக் கரையொதுங்கிய பெண் டால்பினைக் கால்நடை மருத்துவர் எழில்மதி மணலிலேயே அறுத்துச் சோதித்தாள். வயது பார்க்க ஒரு பல்லைப் பிடுங்கி வைத்தாள். சினைப்பையில் ஐந்து வெள்ளைத் தழும்புகள் இருந்தன.

"இதென்ன டாக்டரம்மா?" என்று கேட்டார், உதவிக்கு நின்ற வனக்காவலர் சூசை.

"முட்டை வெடிச்ச தழும்பு. சாகிற வரைக்கும் மறையாது."

"அப்ப அஞ்சு குட்டி போட்டிருக்கா?"

"சொல்ல முடியாது. பிறந்ததும் கலைஞ்சதும் தழும்புல ஒண்ணுபோலத்தான் இருக்கும்."

சூசை தலையாட்டினார். "ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்கம்மா?"

"மூணு." மூன்றுமே வயிற்றில் கலைந்தவை. அந்த எண்ணை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னபோது ஒன்றும் வலிக்கவில்லை.

"மூத்தது என்ன படிக்குது?"

எழில்மதி மனதுக்குள் வருடங்களைக் கூட்டிப் பார்த்தாள். "ஏழாவது," என்றாள்.