புகையில்லாத செவ்வாய்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. மலேசியாவில் அசாம் ஜாவாவுக்கு அருகே தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களுக்கு மேலே வானம் நீலமாக இருந்தது.

“மோசம் போய்ட்டோம்லா!” கணேஸ்வரன் மோட்டார்சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான். “பிளாஸ்டிக் ஃபேக்டரிக்காரன் அடுப்ப நிறுத்திட்டான். சிம்னியில பொட்டுப் புகை இல்ல!”

அந்த ஆலையை மூடச் சொல்லி வழக்குப் போட்டவன் அவன்தான். மகள் விஷாலினிக்கு மூச்சிழுப்பு வந்ததிலிருந்து கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக அலைகிறான். புகையே வருவதில்லை என்று ஆலைத் தரப்பு சாதித்தது. நேரிலேயே பார்த்துவிடலாம் என்று நீதிபதி நாள் குறித்தார். அந்த நாள் இன்று.

வாசலில் மனைவி லீலாவதி துணி காயப்போடக் கொடி கட்டிக்கொண்டிருந்தாள்.

“இந்த முனையைப் புடிங்க.”

“என்னடி இது?”

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தான். லயத்தின் நீளத்துக்கும் துணி. பள்ளிச் சட்டை, வேட்டி, போர்வை, தலையணை. பெண்கள் வாளியும் கையுமாகச் சிரித்துக்கொண்டு ஓடினார்கள்.

“ஐயோ, எல்லாத்தையும் எடுங்க! ஜட்ஜ் வர்ற நேரத்துல வெள்ளைச் சட்டையப் பறக்கவிட்டா கேஸ் நிக்குமா?”

“நல்ல வெயிலு. எடுக்க முடியாது.”

“உன் வீட்டுக்காரரு அழப்போறாருடி, லீலா! ஒரு கர்ச்சீப்ப எடுத்துக் கொடு!” என்று பக்கத்து வீட்டுச் சந்திரிகா கத்தினாள். லயமே சிரித்தது.

கார்கள் வந்து நின்றன. நீதிபதி அம்மையார் இறங்குவதற்குள் ஆலையின் வக்கீல் முந்திக்கொண்டு மலாயில் பொரிந்து தள்ளினார்.

“யாங் ஆரிஃப், கனம் நீதிபதி அவர்களே, பாருங்கள்! வெள்ளைச் சட்டைகள். ஒரு கரிப்புள்ளி உண்டா? புகையடிக்கிற இடத்தில் யாராவது வெளியே துணி காயப்போடுவார்களா?”

கணேஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டான்.

நீதிபதி கொடிகளைப் பார்த்துக்கொண்டே நடந்து தலையணைகளின் அருகே நின்றார்.

“இன்று ஏதாவது திருநாளா?” என்று லீலாவதியிடம் கேட்டார்.

“இல்ல, புவான்,” என்று மரியாதையாகச் சொன்னாள்.

“மற்ற நாளில் துணியை எங்கே காயப்போடுவீர்கள்?”

லீலாவதி கதவைத் தள்ளித் திறந்தாள். கூடத்தில் சுவருக்குச் சுவர் கயிறு ஓடியது. டிவிக்கு மேலே, சாமி படத்துக்கு முன்னே, கட்டிலுக்கு மேலே, எங்கும் வெறும் கிளிப்புகள் தொங்கின. ஜன்னல் இடுக்குகளில் திணித்த துணிகள் கரியேறிக் கிடந்தன.

“ரெண்டு வருசத்துல இன்னிக்குத்தான் வெளிய போட முடிஞ்சுது,” என்றாள்.

நீதிபதி சந்திரிகாவின் வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். அதற்கடுத்த வீட்டையும் பார்த்தார்.

புகையடிக்கிற இடத்தில் யாரும் வெளியே துணி காயப்போட மாட்டார்கள் என்ற ஆலைத் தரப்பு வாதத்தை முழுமையாக ஏற்றுக்கொண்டு, அன்று பிற்பகல் அவர் ஆலைக்கு இடைக்காலத் தடை விதித்தார்.