அந்த ஊர்க்காரர்கள்

சைக்கிள்கள் வரிசையாக நின்றன. ஓடில் டீச்சர் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"பருவநிலை மாற்றத்தைப் பத்திப் படிக்கத்தான் போறோம், வேடிக்கை பாக்க இல்ல. அந்த ஊர்க்காரங்களைக் கேக்காம யாரும் போட்டோ எடுக்கக் கூடாது."

"அவங்க வீடு இருக்கிற லட்சணத்தைப் பாத்து சிரிப்பு வந்தா?" என்றான் ரெமி.

"அடக்கிக்கோ. 'ஐயோ பாவம்'னு மூஞ்சிய வச்சுக்கிட்டும் நிக்காத."

"அவங்க குடுக்கிற ஐஸ்ல வச்ச எறாலத் திங்கணுமா டீச்சர்?" செலீனுக்கு அதுதான் கவலை.

"தின்னுட்டு, நல்லாருக்குன்னும் சொல்லணும்."

"இப்படியே போனா என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"படிச்சிருப்பாங்க. கண்ணால பாத்ததில்ல. பொறுமையாப் பேசுங்க."

சைக்கிள்கள் கிளம்பின. அமெரிக்காவின் லூசியானாக் கரையில் கடல் பாதி விழுங்கியிருந்த தங்கள் தெருவையும், தூண்கள்மேல் தூக்கிக் கட்டிய தங்கள் வீடுகளையும் பின்னால் விட்டு, வடக்கே பட்டணத்துச் சாலையில் திரும்பின. போன வருடம் அந்தப் பட்டணத்து மாணவர்கள் இதே சாலையில் சைக்கிளில் வந்துதான் இவர்களைப் 'படித்துவிட்டு'ப் போனார்கள்.

"முதல்ல என்ன கேக்கறது டீச்சர்?" என்றான் ரெமி.

"உங்க அம்மாகிட்ட அவங்க ஒண்ணு கேட்டாங்களே, அதையே கேளு."

ரெமிக்கு அது மறக்கவில்லை. முதுகை நிமிர்த்தி, ராஜா மாதிரி மிதித்தபடி சொல்லிப் பார்த்தான். பக்கத்தில் வந்த ஓடில் டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஆபத்துன்னு தெரிஞ்சும் ஏன் இன்னும் இப்படியே இருக்கீங்க?"